ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் படிப்பு: போஸ்டிங் எப்படி இருக்கிறது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பாராமெடிக்கல் படிப்பு பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லாரும் ஃபீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி எடுக்கப்போகிற தம்பி தங்கைகள் அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: போஸ்டிங், அதாவது படிக்கும்போதே வார்டிலும் ஆம்புலன்ஸிலும் போடுகிற நேரடிப் பயிற்சி, எங்கே போடுகிறார்கள், யாரோடு போடுகிறார்கள்? தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது 3 வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். சிலபஸ் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான், பரீட்சையும் ஒன்றுதான், கல்லூரிக்குக் கல்லூரி மாறுவது போஸ்டிங் மட்டும்தான், அதைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

நான் படித்து முடித்து வேலைக்கு வந்துவிட்டேன். கல்லூரி பெயரும் ஆஸ்பத்திரி பெயரும் இங்கே வராது, ஏனென்றால் ஒரே வார்டில் காலை ஷிஃப்ட் ஒரு மாதிரி, ராத்திரி ஷிஃப்ட் வேறு மாதிரி, பெயரைப் போட்டு நல்லது கெட்டது சொன்னால் நியாயமாக இருக்காது. ஒவ்வொரு வகைப் போஸ்டிங்கும் என்ன கற்றுத்தந்தது என்று மட்டும் எழுதுகிறேன். ஊசி போடுவது, கழுத்து அசையாமல் இருக்கக் காலர் மாட்டுவது, சிபிஆர் செய்வதெல்லாம் எங்கேயாவது ஒரு இடத்தில் கைக்கு வந்துவிடும். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரை ஒரு ஆளாகப் பார்த்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்ப வேலை செய்ய எங்கே கற்றுத்தருகிறார்கள் என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுகிறேன்.

இதை ஆங்கிலப் புத்தகத்தில் பெரிய தலைப்பு போட்டு எழுதியிருப்பார்கள், வார்டில் பார்த்தால் மிகச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். மூச்சுத்திணறலோடு ஒரு பெரியவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாணவர் நேராகப் போய் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டி, முகத்தில் மாஸ்க்கை வைத்து, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன், எவ்வளவு என்று சிஸ்டரைப் பார்த்துக் கத்துகிறார். இன்னொருவர் அதே வேலையை அதே வேகத்தில் செய்கிறார், ஆனால் மாஸ்க் வைக்கும்போதே "ஐயா, இதுல காத்து வரும், பயப்படாதீங்க, உட்கார்ந்தே இருங்க, படுக்கவைக்க மாட்டோம்" என்கிறார். மூச்சு முட்டுகிறவருக்குப் படுக்கவைத்துவிடுவார்களோ என்பதுதான் பெரிய பயம். அந்த ஒரு வாக்கியத்தில் அவர் மாஸ்க்கைப் பிடுங்கிப்போடாமல் இருப்பார், பதற்றம் குறைந்தால் மூச்சின் வேகமும் கொஞ்சம் குறையும். ஆக இது மரியாதை, பண்பு என்பதோடு நிற்கிற விஷயம் இல்லை, சிகிச்சையே ஒழுங்காக நடப்பதற்கு இது வேண்டும். இதைக் கிளாஸில் உட்கார்ந்து எழுதிப் படிக்க முடியாது, ஒரு சீனியர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும்.

முதலில் அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி. கைவேலை பழக இதை மிஞ்சிய இடம் கிடையாது. இப்போது டேய் (TAEI) என்று சொல்லும் தமிழ்நாடு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் வரும் ஆஸ்பத்திரிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து உட்காரவைக்கிறார்கள், ட்ரையாஜ் என்றால் என்ன என்று கண் முன்னால் பார்க்கலாம், யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது ஒரு வாரத்திலேயே கண்ணுக்குப் பழகிவிடும். விபத்து கேஸ்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிற இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு, அடிபட்டவரின் வீட்டாரிடம் "பணத்தைப் பத்தி இப்போ யோசிக்காதீங்க" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. இதைச் சொல்லத் தெரிவதும் ஒரு திறமைதான். ரத்தம் வழிய நிற்கிற ஒருவர் முதலில் கேட்பதே "எவ்வளவு ஆகும்" என்றுதான், அதற்குப் பதில் தெரியாத மாணவர் எவ்வளவு நன்றாகக் கட்டுப் போட்டும் அவர் மனம் அடங்காது.

ஆனால் ஆளைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் இடமா என்றால், யாருடைய ஷிஃப்டில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. கூட்டம் அப்படி. "அந்த ஆர்டிஏவைப் பாரு" (ஆர்டிஏ என்றால் சாலை விபத்து), "மூணாம் நம்பர் பெட்டுக்கு ஐவி போடு" என்றுதான் பேச்சு போகும், சில நாளில் நாமும் அப்படியே பேச ஆரம்பித்துவிடுவோம். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் எழுதும்போது "குடிச்சிருந்தியா" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரிக் கேட்பார்கள், அதுவும் மனைவியும் மகளும் பக்கத்தில் நிற்கும்போது. கேட்டுத்தான் ஆக வேண்டும், தலையில் அடிபட்டவரின் மயக்கம் மதுவாலா காயத்தாலா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஆனால் குனிந்து காதருகே "ஐயா, மருந்து கொடுக்கறதுக்காகக் கேட்கறேன், ஏதாவது குடிச்சிருந்தீங்களா" என்று கேட்டால் உண்மையும் வரும், மானமும் போகாது. வேட்டியும் பழைய சட்டையுமாக வருகிற பெரியவரை "டேய் பெருசு" என்பவர்கள் சட்டையை இன் பண்ணி வருபவரை "சார்" என்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாணவர்களும் பழகுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

அங்கேயே ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் இருந்தார். அவருடைய ஷிஃப்டில் ஒரு மாதம் இருந்தால் மூன்று வருடப் பாடமும் அதில் அடங்கிவிடும் என்று சொல்வேன். யாருடைய உடையை வெட்டுவதானாலும் முதலில் ஸ்கிரீனை இழுக்கச் சொல்வார், ஸ்கிரீன் இல்லையென்றால் இரண்டு பேரை பெட்ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார், "வெட்டப்போறோம்மா, புதுசு கொடுத்துடலாம், மூடிக்கிட்டேதான் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுப்பார். நினைவில்லாதவரிடமும் சொல்வார். நினைவில்லாதவருக்குக் காது கேட்காது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் பேசிக்கொண்டே வேலை செய்யுங்கள் என்பது அவர் வழக்கம். எங்களையும் பேஷண்டிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார். இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர் புற்றுநோயோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, தன்னைத் தொட வருகிறவர்கள் பெயர்கூடச் சொல்வதில்லை என்று பார்த்து, 2013-ல் 'ஹலோ மை நேம் இஸ்' என்று ஒரு இயக்கத்தையே தொடங்கினார். சிஸ்டருக்கு அவரைத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அங்கே கேட்டதும் இங்கே சொல்லிக்கொடுத்ததும் ஒன்றுதான்.

விஷம் குடித்து வருகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். தமிழ்நாட்டில் எந்த அரசு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் போஸ்டிங் போட்டாலும் இதைப் பார்ப்பீர்கள், பல இடங்களில் அவர்களுக்குக் கிடைக்கிற முதல் சிகிச்சை திட்டுதான். "உங்களுக்கெல்லாம் இதே வேலையா, இங்கே உசுருக்குப் போராடறவன் எத்தனை பேரு" என்று சொல்லிக்கொண்டே ட்யூப் போடுவார்கள். 2017-ம் வருட மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குக் கவனிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று சொல்கிறது. சட்டம் இப்படியிருக்க, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் கற்றுக்கொள்வது திட்டுவதை. அந்த சிஸ்டர் என்ன செய்வார் என்றால், கழுவித் துடைத்து லைன் போட்டு முடிக்கும் வரைக்கும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார், "முதல்ல உங்களைச் சரி பண்ணிடுவோம், மத்ததை அப்புறம் பேசலாம், நான் இங்கேதான் இருப்பேன்" என்பார், அப்புறம் சொந்தக்காரர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு "யாரு பக்கத்துல இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கும்" என்று கேட்பார். பெட் அருகே அழுதுகொண்டு நிற்கிறவர்தான் அடித்தவர் என்பது பல நேரம் அப்போதுதான் தெரியவரும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்னால் மனநல ஓ.பி.க்கு அனுப்புவதும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுப்பதும் அவர் ஷிஃப்டில் தவறாது. கேஷுவாலிட்டிக்கு ஐந்துக்கு மூன்று, அந்த சிஸ்டரோடு போட்டால் ஐந்துக்கு ஐந்து.

தனியார் ஆஸ்பத்திரி எமர்ஜென்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மானிட்டர், வென்டிலேட்டர், சுத்தமான ஸ்கிரீன் எல்லாம் உண்டு. எல்லாரும் பேஷண்டிடம் இனிமையாகப் பேசுவார்கள், முடிந்ததும் ஃபீட்பேக் ஃபார்ம் கொடுப்பார்கள். ஆனால் மாணவரைத் தொடவிட மாட்டார்கள், ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். இனிமையாகப் பேசுவதும் அந்த ஆளுக்கு என்ன தேவை என்று கேட்பதும் இரண்டும் வேறு என்று அங்கே நின்று பார்த்தபோது புரிந்தது. ஒரு அம்மா திரும்பத் திரும்ப "வீட்டுல குழந்தை தனியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார், எல்லாரும் சிரித்த முகத்தோடு "ஒண்ணும் இல்ல மேடம், ரிலாக்ஸ்" என்றார்களே தவிர பக்கத்து வீட்டுக்கு ஒரு போன் போட யாருக்கும் தோன்றவில்லை, கடைசியில் செக்யூரிட்டி அண்ணன்தான் நம்பர் வாங்கிப் பேசினார். இரண்டு மதிப்பெண்.

108 ஆம்புலன்ஸ் போஸ்டிங் வேறு உலகம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ல் தொடங்கியது, வண்டிக்கு இரண்டே பேர்: ஓட்டுகிற பைலட், பின்னால் இஎம்டி என்கிற மருத்துவ உதவியாளர். கேஷுவாலிட்டியில் ஒரே நேரத்தில் இருபது பேரைப் பார்க்க வேண்டும், வண்டிக்குள் ஒருவர்தான், கிராமப்பக்கம் என்றால் அரை மணி, முக்கால் மணி அவரோடு ஒரு சின்னப் பெட்டிக்குள் முகத்துக்கு முகம் உட்கார்ந்திருப்போம். பேசாமல் இருக்கவே முடியாது. வீட்டுக்குள்ளே போகிறோம், அதுதான் பெரிய வித்தியாசம். ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே பெட், ஒரே போர்வை. அவர்கள் வீட்டுக்குள் போனால் ஏறிவர முடியாத படிக்கட்டு, கட்டிலடியில் காலி மாத்திரை அட்டைகள், கண் தெரியாத பாட்டி, அடுப்பில் பாதி வெந்த சோறு எல்லாம் தெரியும், சுகர் ஏன் இறங்கியது என்பதற்குப் பாதி விடை அங்கேயே இருக்கும். அதைப் பார்த்துவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஹேண்ட்ஓவர் கொடுக்கும்போது "தனியா இருக்காங்க, காலைல ஊசி போட்டுட்டு சாப்பிடல, சமைக்க ஆள் இல்ல" என்று சேர்த்துச் சொன்னால்தான் டாக்டர் வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட மாட்டார்.

என்னோடு இருந்த இஎம்டி அண்ணனிடம் கற்றது நிறைய. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கூட்டத்தைப் பார்த்துப் பேச மாட்டார், படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து அவரிடம்தான் முதலில் பேசுவார். நம் ஊரில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றால் பதில் சொல்வது பத்து பேர், வலிக்கிறவர் வாயைத் திறக்கவே விட மாட்டார்கள். "எல்லாரும் சொல்லுங்க, ஆனா முதல்ல தாத்தா சொல்லட்டும்" என்பார். பெண்ணாக இருந்தால் வீட்டுப் பெண் ஒருவரை வண்டியில் கூட வரச் சொல்வார், யார் வர வேண்டும் என்று அந்தப் பெண்ணிடமே கேட்பார். விபத்து இடத்தில் பர்ஸ், போன், தாலிக்கொடி எல்லாவற்றையும் சுற்றி நிற்பவர்கள் கண் முன்னால் எண்ணி எழுதிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பார், செருப்பைக்கூட விட மாட்டார். செருப்பு எதற்கு என்று கேட்டால், நாளைக்கு அவர் வீட்டுக்கு நடந்து போக வேண்டாமா என்றார்.

வெளிமாநிலத் தொழிலாளர்களைக் கூட்டிப்போகும்போது மொழிதான் பெரிய தடை. மில்லில் கை மாட்டிய பையன், கட்டடத்தில் விழுந்தவர் என்று வருகிறவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதே புரியாது, சூப்பர்வைசர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், அவர் சொல்வதற்கு அவருக்குக் காரணம் இருக்கும். அண்ணன் அந்தப் பையனுடைய போனிலேயே அவன் ஊர்க்காரர் ஒருவரை ஸ்பீக்கரில் போடச் சொல்லி வலி எங்கே, எத்தனை அடி உயரம், அலர்ஜி உண்டா எல்லாம் அப்படித்தான் கேட்டார். இதை எந்த ப்ரோட்டோகால் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. திருநங்கை ஒருவரைக் கொண்டுபோனபோதும் அப்படித்தான், எந்த வார்டில் இருக்க விருப்பம் என்று வண்டியிலேயே கேட்டு, முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார், அங்கே போய் வாசலில் வைத்துக்கொண்டு பேசுகிற அவமானம் இல்லாமல் போனது. 2014-ல் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் தங்கள் பாலினத்தைத் தாங்களே சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்புக் கொடுத்தது, ஆனால் அந்த உரிமை கேஷுவாலிட்டி வாசல் வரை வந்து சேர இப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறார்.

குறை இல்லாமல் இல்லை. எங்களுக்கு 108 போஸ்டிங் மிகக் குறைவான நாள்தான் போட்டார்கள், அதுவும் பகல் ஷிஃப்ட் மட்டும். மாணவிகளை இரவு வண்டியில் விடுவதில்லை என்றார்கள், பாதுகாப்புக்காகச் சொல்வது புரிகிறது, ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவர்களுக்கு இரவு டூட்டி வந்துவிடுகிறது, அப்போது யார் சொல்லிக்கொடுப்பது? 108-க்கு நாலரை, குறைத்தது நாட்களுக்காக.

லேபர் வார்டு போஸ்டிங்கில் பிரசவம் பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொண்டோம், ஆம்புலன்ஸிலேயே பிரசவம் நடப்பது சாதாரணம் என்பதால் இது கட்டாயம் வேண்டும். பிரசவ அறையில் சிகிச்சைத் தரம் உயர வேண்டும், கண்ணியமாகவும் நடத்த வேண்டும் என்பதற்காக மத்திய சுகாதார அமைச்சகம் 2017-ல் லக்‌ஷ்யா திட்டத்தைக் கொண்டுவந்தது, சுவரில் போஸ்டரும் ஒட்டியிருந்தது, வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்துச் சொல்லப்படும் வார்த்தைகள் அந்தப் போஸ்டருக்குக் கீழேயே நடந்தன. வார்த்தைகளை இங்கே எழுத மனமில்லை. இரண்டு.

இப்போது ஹோம் கேர். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். எங்கள் அட்டவணையில் இது கிடையாது, ஒரு ஆசிரியை தன் சொந்த முயற்சியில் பேசி, விருப்பமுள்ளவர்கள் போகலாம் என்று ஏற்பாடு செய்தார். எமர்ஜென்சி படிக்கிறவனுக்கு நோய் முற்றிப் படுக்கையில் கிடக்கிறவர் வீட்டில் என்ன வேலை என்று வகுப்பில் பாதிப் பேர் போகவில்லை. கேரளாவில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரணப் பணி ஊர் ஊராகப் பரவி, அக்கம்பக்கத்து ஆட்களே சேர்ந்து வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தது, 2008-ல் அந்த அரசு அதற்கென்று கொள்கையே வெளியிட்டது. நம் பக்கம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே போவது என்பதும் சேர்ந்தது. அந்த மாதிரி வண்டி ஒன்றில்தான் நர்ஸ் அக்காவோடு நாங்கள் போனோம்.

போகிற வீடுகளில் செய்கிற வேலை பார்க்கச் சாதாரணமானது. யூரின் ட்யூப் மாற்றுவது, படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மூக்கில் போட்ட ட்யூபில் எப்படிக் கஞ்சி ஊற்றுவது என்று மருமகளுக்குக் காட்டிக்கொடுப்பது, வாயைச் சுத்தம் செய்வது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அக்கா முதலில் உட்கார்ந்துவிடுவார், பையைத் திறக்க மாட்டார். "போன வாரத்துக்கு இந்த வாரம் எது கஷ்டமா இருக்கு" என்று படுத்திருப்பவரிடம் கேட்பார். நாங்கள் எதிர்பார்க்கிற பதில் வலி. வந்த பதில்கள் வேறு. பக்கவாதம் வந்த ஒருவர், மகன் தன்னிடம் கேட்காமல் மாட்டை விற்றுவிட்டான் என்றார், அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை என்றார். தொண்டைப் புற்றுநோய் வந்த ஒரு அம்மா சிலேட்டில் எழுதிக் காட்டினார், நாற்றம் வருகிறது, பேரப்பிள்ளை கிட்டே வரமாட்டேன் என்கிறான் என்று. அக்கா அன்றைக்கு வலி மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து அந்தப் புண்ணின் மேல் வைத்துக் கட்டினார், நாற்றத்துக்கு அது நன்றாகக் கேட்கும், அடுத்த தடவை போனபோது பையன் பாட்டி கட்டிலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். எங்களை அக்கா பார்த்த பார்வையிலேயே புரிந்தது, அன்றைக்கு அவருக்கு எது பெரிய கஷ்டமோ அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று.

கவனிக்கிறவரையும் அக்கா விட மாட்டார். கணவரை நாள் முழுக்கத் தூக்கிப் புரட்டுகிற மனைவிக்கு இடுப்பு போயிருக்கும், அவருக்கும் பிரஷர் பார்ப்பார், பெட்ஷீட்டை மடித்துப் போட்டு இழுத்துப் புரட்டுவது எப்படி என்று காட்டுவார். ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்டதற்கே அந்தப் பெண் அழுதுவிட்டார், இத்தனை மாதத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்கவில்லையாம்.

இதற்கும் எமர்ஜென்சிக்கும் என்ன சம்பந்தம்? நேரடியான சம்பந்தம் இருக்கிறது. இதே வீட்டிலிருந்து ஒரு நாள் நடுராத்திரி 108-க்குப் போன் வரும். மூச்சு இழுக்கிறது, வீட்டார் பயந்துவிட்டார்கள். போகிற இஎம்டி கேஷுவாலிட்டி மட்டும் பார்த்தவராக இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவார், ஆஸ்பத்திரியில் ட்யூப் போடுவார்கள், ஐசியூ வாசலில் வீட்டார் நிற்க உள்ளே தனியாக உயிர் போகும். ஹோம் கேர் பார்த்தவராக இருந்தால், முன்னாலேயே இவர் என்ன சொல்லியிருக்கிறார், கார்டு எங்கே, நர்ஸ் நம்பர் இருக்கிறதா என்று கேட்கத் தெரியும், தலைப்பக்கத்தை உயர்த்தி, ஜன்னலைத் திறந்து, போனில் டாக்டரோடு பேசி, கூட்டிப்போவதா வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்று வீட்டார் நிதானமாக முடிவெடுக்க உதவத் தெரியும். கூட்டிப்போவதுதான் சரி என்ற நிலையும் வரும், திடீர் ரத்தப்போக்கு, தாங்க முடியாத வலி என்றால் கூட்டித்தான் போக வேண்டும். எது எப்போது என்று பிரித்துப் பார்க்கும் கண் அந்த வீடுகளில்தான் வந்தது. மார்ஃபின் என்றாலே போதைப்பொருள் என்று பயப்படுகிற டாக்டர்களே இன்னும் இருக்கிறார்கள், 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அத்தியாவசிய வலிநிவாரணிகள் கிடைப்பதை எளிதாக்கிய பிறகும். அந்த மாத்திரையை முறைப்படி சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஒருவரை நேரில் பார்த்த மாணவருக்கு அந்தப் பயம் இருக்காது. இங்கிலாந்தில் பாராமெடிக் மாணவர்களை முதியோர் இல்லம், நோய் முற்றியவர்களைக் கவனிக்கிற ஹாஸ்பிஸ் போன்ற இடங்களுக்கும் போஸ்டிங் அனுப்புகிறார்கள் என்று படித்தபோது ஆச்சரியமாக இல்லை, ஏன் என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஹோம் கேருக்கு ஐந்துக்கு ஐந்து, இதைக் கட்டாயமாக்காத அட்டவணைக்குப் பூஜ்யம்.

கடைசியாக லாக்புக். ஐவி லைன் இத்தனை, ஈசிஜி இத்தனை, காலர் இத்தனை, ஸ்பைன் போர்டு இத்தனை, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. எண்ணிக்கை வந்துவிட்டால் போஸ்டிங் முடிந்தது. அந்த நோட்டில் எந்தப் பக்கத்திலும் பேஷண்ட் பெயருக்கு இடம் கிடையாது, ஐ.பி. நம்பர்தான், ரகசியம் காக்க அது சரி, ஆனால் அவர் என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், எதற்குப் பயந்தார் என்று எழுத இரண்டு வரிகூட இல்லை. நிறைய மாணவர்கள் ஐவி எண்ணிக்கைக்காக அலைவதை நானே பார்த்திருக்கிறேன், நல்ல நரம்பு உள்ளவர் வந்தால் மூன்று பேர் ஓடுவார்கள், அவரிடம் யாரும் கேட்பதில்லை. எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை, கை பழகாமல் யாரையும் காப்பாற்ற முடியாது. வாரத்துக்கு ஒரு பேஷண்டைப் பற்றி அரைப் பக்கம் எழுதி, அதை வைத்து ஒரு ஆசிரியர் உட்கார்ந்து பேசினால் போதும். எங்கள் ஹோம் கேர் ஆசிரியை அதைச் செய்தார், வேனில் திரும்பி வரும்போதே, டீக்கடையில் நிறுத்தி, "இன்னைக்கு அந்த வீட்டுல நீ என்ன கவனிச்ச" என்று கேட்பார். பிராக்டிகல் தேர்விலும் பொம்மைக்குப் பதில் ஒரு ஆளை உட்காரவைத்து, அவரிடமே மார்க் கேட்கலாம், "இந்தத் தம்பி ஊசி போடுமுன்னே உங்ககிட்ட சொன்னாரா" என்று.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அங்கே படிக்கிற சீனியர்களிடம் இதைக் கேளுங்கள்: போஸ்டிங்கில் ஆசிரியர் கூட வருகிறாரா, இல்லை வார்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்களா? 108-ல் எத்தனை வாரம், இரவு உண்டா? ஹோம் கேர் உண்டா, இல்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி நாமே போக அனுமதிப்பார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மற்ற வசதி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேரலாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்கள் உங்கள் பிளாக்கில் வலிநிவாரணச் சேவை நர்ஸ் யார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள், டிபார்ட்மென்ட் ஹெட்டிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். வண்டி காலையிலேயே கிளம்பிவிடும், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், எளிதாகக் கழற்றுகிற செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வீடு வாசலில் கழற்ற வேண்டியிருக்கும்.